சிட்னி துறைமுகப் பாலத் திட்டம்: சாலையும் இருப்புப்பாதையும் தாங்கும் வளைவுப் பாலம் உருவான முறை

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகப் பாலம் 1932ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் திறக்கப்பட்டது. 503 மீட்டர் இடைத்தூரம் கொண்ட அதன் எஃகு வளைவு, சாலைப் போக்குவரத்தையும் இருப்புப்பாதைப் போக்குவரத்தையும் ஒரே தளத்தில் தாங்குகிறது. இப்பாலம் பெரும்பாலும் கட்டடக்கலைச் சின்னமாகவே பேசப்படுகிறது. ஆயின், திட்டநிலையில் அது ஒரு நகரின் மின்சார இருப்புப்பாதைக் கட்டமைப்பின் ஓர் உறுப்பாகவே எண்ணப்பட்டது. வளைவு வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்கள், அவ்வடிவம் சுமையைத் தாங்கும் முறை, கட்டுமான நிலையில் எழுந்த சிக்கல், நான்கு இருப்புப்பாதைத் தடங்களின் பிற்கால வரலாறு, திட்டத்தின் சமூக விலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிட்னி துறைமுகப் பாலம், வளைவுப் பாலம், கேண்டிலீவர், பிராட்ஃபீல்டு, ஃப்ரீமன், நகர்ப்புற இருப்புப்பாதை, போக்குவரத்துத் திட்டமிடல்.

முன்னுரை

பாலம் என்பது இரு கரைகளை இணைக்கும் கட்டுமானம் என்பது பொது விளக்கம். பெருநகர்ப் பாலங்களைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதுமானதன்று. அத்தகைய பாலம் எதனை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற வினாவுக்கு அளிக்கப்படும் விடையே அதன் அகலம், எடை, வடிவம், செலவு ஆகிய அனைத்தையும் முடிவு செய்கிறது. சாலை ஊர்திகளை மட்டும் தாங்கும் பாலத்திற்கும் தொடர்வண்டிகளையும் சேர்த்துத் தாங்கும் பாலத்திற்கும் உள்ள வேறுபாடு அளவு சார்ந்தது மட்டுமன்று. தொடர்வண்டியின் எடை செறிவானது. அது விரைந்து இடம்பெயர்வது. ஏறியிறங்கும் சரிவில் அதற்கு வரம்பு உண்டு. தளம் மிகுதியாக வளைந்து கொடுத்தால் தண்டவாளம் பாதுகாப்பாக இராது. ஆகவே, இருப்புப்பாதையை ஏற்கும் பாலம் வலிமையோடு விறைப்புத்தன்மையும் உடையதாக இருத்தல் வேண்டும்.

சிட்னி துறைமுகப் பாலத்தின் திட்ட வரலாறு இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. பாலம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதைவிட, அது ஏன் அவ்வளவு பெரிதாகத் திட்டமிடப்பட்டது என்பதையும், அத்திட்டத்தில் எவ்வளவு நிறைவேறியது என்பதையும் ஆராய்வது போக்குவரத்துத் திட்டமிடல் குறித்த ஆய்வுக்குப் பயன் தரும்.

1. தேவையும் தொடக்கக்கால முயற்சிகளும்

சிட்னி நகரம் ஆழமான துறைமுக நீர்ப்பரப்பின் தென்கரையில் வளர்ந்தது. வடகரையில் குடியிருப்புகள் பெருகியபோது, இரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரத்து நீராவிப் படகுகளையே நம்பியிருந்தது. நிலவழியாகச் செல்ல விரும்புவோர் மேற்கே சுற்றி, ஐந்து பாலங்களைக் கடந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் பாலம் அமைக்கும் எண்ணம் மிகப் பழமையானது. குடியேற்றக் காலத்தின் கட்டடக்கலைஞர் ஃபிரான்சிஸ் கிரீன்வே 1825இல் செய்தித்தாள் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் இதனை வலியுறுத்தினார். பொறியாளர் பீட்டர் ஹெண்டர்சன் 1857இல் வரைந்த படம், இவ்விடத்திற்கான பாலத்தின் தொடக்கக்கால வரைபடமாக அறியப்படுகிறது. 1900இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு வடிவமைப்புகளைக் கோரிப் போட்டி ஒன்றை அறிவித்தது. வந்த வடிவமைப்புகள் நிறைவளிக்கவில்லை. இரண்டாவது போட்டியில் நார்மன் செல்ஃப் என்பாரின் வடிவமைப்பு 1903இல் தேர்வு பெற்றது. எனினும், பொருளாதார நெருக்கடியும் ஆட்சி மாற்றமும் அதனை ஏட்டளவில் நிறுத்தின. அடுத்த சில ஆண்டுகளில் அமைந்த அரசு விசாரணைக் குழு பாலத்திற்கு மாற்றாகச் சுரங்கவழிகளைப் பரிந்துரைத்தது.

இம்முயற்சிகள் தொடர்ந்து தோல்வியுற்றமைக்குத் தொழில்நுட்பக் குறைபாடு மட்டும் காரணமன்று. பாலம் தனித்ததொரு செலவினமாகவே கருதப்பட்டது. அதனைக் கடந்தபின் மக்கள் எங்குச் செல்வர், எவ்வழியாகச் செல்வர் என்ற வினாவுக்குத் திட்டங்கள் விடை கூறவில்லை. அவ்விடையோடு வந்த முதல் திட்டமே இறுதியில் நிறைவேறியது.

2. பிராட்ஃபீல்டின் திட்டம்: பாலமும் இருப்புப்பாதையும்

குயின்ஸ்லாந்தின் சாண்ட்கேட் என்னும் ஊரில் 1867இல் பிறந்த ஜான் ஜாப் குரூ பிராட்ஃபீல்டு, 1891இல் நியூ சவுத் வேல்ஸ் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். 1912இல் துறைமுகப் பாலத்திற்கும் பெருநகர இருப்புப்பாதைக் கட்டுமானத்திற்கும் தலைமைப் பொறியாளராக அமர்த்தப்பட்டார். இவ்விரு பணிகளும் ஒருவரிடமே ஒப்படைக்கப்பட்டமை இத்திட்டத்தின் திசையைத் தீர்மானித்தது எனலாம்.

பிராட்ஃபீல்டின் திட்டத்தில் மூன்று கூறுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. முதலாவது, நகரின் மையப்பகுதிக்கு அடியில் சுழன்று செல்லும் நிலத்தடி இருப்புப்பாதை. இரண்டாவது, புறநகர் இருப்புப்பாதைகளை மின்மயமாக்குதல். மூன்றாவது, இவ்விருப்புப்பாதையை வடகரைக்குக் கொண்டு செல்லும் பாலம். நீராவி எஞ்சின்களைக் கொண்டு நீண்ட நிலத்தடிப் பாதையை இயக்குதல் புகையின் காரணமாகக் கடினம். நிலத்தடி நிலையத்திலிருந்து, கப்பல்கள் அடியில் செல்லும் அளவுக்கு உயர்ந்த பாலத்தளத்திற்குக் குறுகிய தொலைவில் ஏறுவதற்கும் மின்சார வண்டிகளே ஏற்றவை. ஆகவே, மின்மயமாக்கல் இன்றிப் பாலத்தின் இருப்புப்பாதை பயன் தராது. பாலம் இன்றி நகர இருப்புப்பாதை வடக்கே முடங்கிவிடும்.

1913இல் பொதுப்பணிகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, டாஸ் முனைக்கும் மில்சன்ஸ் முனைக்கும் இடையே கேண்டிலீவர் வகைப் பாலம் அமைக்கும் பிராட்ஃபீல்டின் முன்மொழிவை ஏற்றது. முதல் உலகப்போர் தொடங்கியதால் பணி தடைப்பட்டது. 1916இல் பாலத்திற்கான சட்டவரைவு கீழவையில் நிறைவேறியும், போருக்கே பணம் செலவிடப்பட வேண்டும் என்று கருதிய மேலவை அதனை நிராகரித்தது. இறுதியாக 1922 நவம்பரில் சிட்னி துறைமுகப் பாலச் சட்டம் நிறைவேறியது. கேண்டிலீவர் அல்லது வளைவு வகையிலான உயர்தளப் பாலம், அணுகுபாதைகள் ஆகியவற்றோடு மின்சார இருப்புப்பாதைகளையும் இச்சட்டம் ஒரே திட்டமாக உள்ளடக்கியது. இணைப்பு என்பது பொறியாளரின் விருப்பமாக மட்டும் நில்லாமல் சட்டத்தின் சொற்களிலேயே இடம்பெற்றமை கருதத்தக்கது.

இத்திட்டத்தையே ஆய்வேடாக எழுதிய பிராட்ஃபீல்டுக்குச் சிட்னி பல்கலைக்கழகம் 1924இல் பொறியியல் அறிவியலில் முனைவர் பட்டம் வழங்கியது. நகர, புறநகர் மின்சார இருப்புப்பாதைகளும் துறைமுகப் பாலமும் என்பதே அவ்வாய்வேட்டின் பொருள்.

3. கேண்டிலீவரா, வளைவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீண்ட இடைத்தூரம் கொண்ட இருப்புப்பாதைப் பாலங்களுக்குக் கேண்டிலீவர் வகையே ஏற்றதாகக் கருதப்பட்டது. கரையில் உறுதியாகப் பிணைக்கப்பட்ட இரு கைகள் நீரின் மேல் நீண்டு, நடுவே ஒரு சிறு பகுதியைத் தாங்குவது இதன் அமைப்பு. ஸ்காட்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலம் இதற்குச் சிறந்த சான்று. எனினும், கனடாவின் கியூபெக் பாலம் கட்டுமானத்தின்போது 1907இல் இடிந்து வீழ்ந்து 75 பேர் உயிரிழந்தனர்; மீண்டும் கட்டும்போது 1916இல் அதன் நடுப்பகுதி ஆற்றில் வீழ்ந்தது. பெரும் அழுத்தத்தை ஏற்கும் எஃகு உறுப்புகளைப் பற்றிய கணக்கீடுகளை மறு ஆய்வு செய்ய வேண்டிய தேவையை இவ்விபத்துகள் பொறியியல் உலகிற்கு உணர்த்தின.

இதே காலத்தில் வளைவுப் பாலத்தின் எல்லையும் விரிந்தது. நியூயார்க்கில் குஸ்டாவ் லிண்டன்தால் வடிவமைத்த ஹெல் கேட் பாலம் 1917இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் இடைத்தூரத்தில் நான்கு இருப்புப்பாதைத் தடங்களை ஓர் எஃகு வளைவு தாங்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. வெளிநாட்டுப் பயணத்தின்போது அப்பாலத்தைக் கண்ட பிராட்ஃபீல்டு, சிட்னிக்கும் வளைவு பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

அ) விறைப்புத்தன்மை: கனத்த தொடர்வண்டிகள் செல்லும்போது வளைவின் தளம் குறைவாகவே தாழ்கிறது.

ஆ) நிலவியல்: வளைவு தன் இரு முனைகளிலும் கரையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அத்தள்ளுதலைத் தாங்க உறுதியான பாறை தேவை. சிட்னி துறைமுகத்தின் இரு கரைகளிலும் மணற்கல் பாறை மேற்பரப்பிற்கு அண்மையிலேயே உள்ளது.

இ) பொருள்: மிகுந்த வலிமை கொண்ட சிலிக்கன் எஃகு உற்பத்தி முன்னேறியதால், பெரிய வளைவைத் தன் எடையே அழுத்திவிடும் என்ற இடர்ப்பாடு குறைந்தது.

இக்காரணங்களால் ஒப்பந்தப்புள்ளிகள் கேண்டிலீவர், வளைவு ஆகிய இரு வகைகளுக்கும் கோரப்பட்டன.

4. ஒப்பந்தமும் விரிவான வடிவமைப்பும்

1924 ஜனவரி 16ஆம் நாளுக்குள் ஆறு நிறுவனங்கள் மொத்தம் 20 ஒப்பந்தப்புள்ளிகளை அளித்தன. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரைச் சேர்ந்த டார்மன் லாங் நிறுவனம் மட்டும் ஏழு வடிவமைப்புகளை முன்வைத்தது. அவற்றுள் கருங்கல் முகப்புடைய கோபுரங்களோடு கூடிய இருகீல் வளைவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1924 மார்ச் 24இல் 42,17,721 பவுண்டு 11 ஷில்லிங் 10 பென்சு என்ற தொகைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

பாலத்தின் அமைவிடம், இடைத்தூரம், அகலம், கப்பல்களுக்கு வேண்டிய உயரம், தாங்க வேண்டிய சுமைகள் ஆகியவற்றை வரையறுத்த விவரக்குறிப்பு பிராட்ஃபீல்டின் அலுவலகத்தில் உருவானது. அவ்விவரக்குறிப்பிற்கு உட்பட்ட விரிவான வடிவமைப்பையும் கணக்கீடுகளையும் டார்மன் லாங் நிறுவனத்தின் ஆலோசனைப் பொறியாளரான ரால்ஃப் ஃப்ரீமன் மேற்கொண்டார். கட்டுமானத்தை லாரன்ஸ் என்னிஸ் வழிநடத்தினார்.

இத்திட்டத்தில் பிராட்ஃபீல்டின் செயலராகப் பணியாற்றிய கேத்லீன் பட்லரின் பங்கு தனித்துச் சுட்டத்தக்கது. 1922இல் திட்டக் குழுவுக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் அவரே. ஒப்பந்தப்புள்ளி நடைமுறைகளையும் தொழில்நுட்பக் கடிதப் போக்குவரத்தையும் கவனித்த அவர், 1924இல் லண்டனில் திட்ட அலுவலகத்தை அமைக்கும் பணிக்காகவும் சென்றார். திட்டங்கள் தனியொருவர் சிந்தையில் மட்டும் உருவாவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

5. வளைவு சுமையைத் தாங்கும் முறை

ஒரு விட்டத்தின் நடுவே சுமை வைக்கப்படும்போது அதன் மேற்பகுதி அழுத்தத்திற்கும் கீழ்ப்பகுதி இழுப்பிற்கும் உள்ளாகின்றன. வளைவில் நிகழ்வது வேறு. சுமை வளைவின் உடல்வழியே அழுத்தமாக இறங்கி, முனைகளில் செங்குத்து விசையாகவும் கிடைமட்டத் தள்ளுவிசையாகவும் பாறையைச் சேர்கிறது. கரைகள் விலகாதவரை வளைவு தன் வடிவத்தை இழப்பதில்லை.

சிட்னிப் பாலத்தின் வளைவு, மேல் உறுப்பு, கீழ் உறுப்பு என்ற இரு வளைகோடுகளுக்கு இடையே சட்டங்கள் பின்னிய அமைப்பாகும். இதன் உயரம் உச்சியில் 18 மீட்டர். கரையருகே 57 மீட்டர். சுமையின் பெரும்பகுதியைக் கீழ் உறுப்பே ஏற்றுக் கரைக்குக் கொண்டு செல்கிறது. கரைக்கு இரண்டாக மொத்தம் நான்கு கீல்களின் மீது வளைவு நிற்கிறது. ஒவ்வொரு கீலின் உருளையும் 4.2 மீட்டர் நீளமும் 368 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. ஏறத்தாழ 20,000 டன் தள்ளுவிசையைத் தாங்க வல்லது. தளம் வளைவிலிருந்து செங்குத்து உறுப்புகளால் தொங்கவிடப்பட்டுள்ளது.

முனைகளைக் கீல்களாக அமைத்ததற்குக் காரணம் உண்டு. வெப்பத்தால் எஃகு விரிவடையும்போது முனைகள் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பின் அங்கே கடும் வளைப்பு விசை தோன்றும். கீல்கள் இருப்பதால் வளைவு சற்றே சுழன்று எழுந்து தாழ இயலுகிறது. வெப்பநிலை மாற்றத்தால் உச்சி 18 சென்டிமீட்டர் வரை ஏறியிறங்கும். ஆனால், இருகீல் வளைவின் கிடைமட்டத் தள்ளுவிசையைச் சமநிலைச் சமன்பாடுகளை மட்டும் கொண்டு கணக்கிட இயலாது. எஃகின் மீள்தன்மையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒவ்வோர் உறுப்பிற்கும் இக்கணக்கீடு கையாலேயே செய்யப்பட்டது.

இரு முனைகளிலும் நிற்கும் 89 மீட்டர் உயரக் கோபுரங்கள் வளைவைத் தாங்குவதாகக் காண்போர் கருதுவது இயல்பு. உண்மையில், தரைமட்டத்தருகே உள்ள கீல்கள்வழியே வளைவின் சுமை பாறையை அடைந்துவிடுகிறது. கோபுரங்களின் மேற்பகுதி வளைவின் எடையைத் தாங்குவதில்லை. சிட்னிக்குத் தெற்கே மோருயாவில் வெட்டப்பட்ட கருங்கல்லால் ஆன அவை பெரிதும் தோற்றப் பொலிவுக்காக அமைக்கப்பட்டவை.

6. கட்டுமானச் சிக்கலும் தீர்வும்

கல் வளைவுகளைக் கட்டும்போது அடியில் சாரம் அமைத்து, வளைவு முழுமையடைந்தபின் அதனை நீக்குவது மரபு. நீர் ஆழமானதும் கப்பல்கள் ஓயாது செல்வதுமான துறைமுகத்தில் இதற்கு இடமில்லை. முழுமையடையும் வரை வளைவு வளைவாக இயங்காது. பாதி வளைவு நீரை நோக்கிச் சாயும். இதுவே மையச் சிக்கல்.

இதற்கு மேற்கொள்ளப்பட்ட தீர்வு, வளைவைக் கேண்டிலீவராகக் கட்டுவதாகும். ஒவ்வொரு பாதி வளைவின் மேல்முனையும் 128 எஃகு வடங்களால் பின்னோக்கி இழுத்துக் கட்டப்பட்டது. அவ்வடங்கள் பாறையில் குடையப்பட்ட குதிரைலாட வடிவச் சுரங்கத்தின் வழியே சுற்றிப் பிணைக்கப்பட்டன. வளைவின் மேலேயே ஊர்ந்து செல்லும் பாரந்தூக்கிகள் தமக்கு முன்னுள்ள பகுதியை அமைத்து, அதன்மீது ஏறி, அடுத்த பகுதியை அமைத்தன. மில்சன்ஸ் முனையருகே அமைந்த பட்டறைகளில் எஃகுத் தகடுகள் உறுப்புகளாக உருவாக்கப்பட்டு மிதவைகளில் கொண்டுவரப்பட்டன. தென்கரையில் வளைவுப் பணி 1928 அக்டோபரில் தொடங்கியது.

இரு பாதிகளும் நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியுடன் எதிர்நின்றபின், 1930 ஆகஸ்டில் வடங்கள் சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டன. ஆகஸ்ட் 19ஆம் நாள் இரவில் இரு பாதிகளும் இணைந்தன. முதலில் கீழ் உறுப்புகள் மட்டும் உச்சியில் சந்தித்தபோது அமைப்பு முக்கீல் வளைவாக இயங்கியது. பின்னர் நீரியல் தூக்கிகளைக் கொண்டு மேல் உறுப்புகளுக்கு இடையே கணக்கிட்ட விசை செலுத்தப்பட்டு, அவையும் இணைக்கப்பட்டன. அதன்பின்னரே அது வடிவமைப்பில் கருதப்பட்ட இருகீல் வளைவாயிற்று. ஒரே கட்டுமானம் கேண்டிலீவராகத் தொடங்கி, முக்கீல் வளைவாக இடைநின்று, இருகீல் வளைவாக முடிந்தது. ஆகவே, ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே விசைகளைக் கணக்கிட வேண்டியிருந்தது. கேண்டிலீவரா, வளைவா என்று தொடங்கிய விவாதத்தில் வளைவு வென்றது. ஆனால் வளைவைக் கட்டுவதற்குக் கேண்டிலீவரின் துணை தேவைப்பட்டது.

பாலத்தில் மொத்தம் 52,800 டன் எஃகு உள்ளது. அதில் வளைவின் பங்கு 39,000 டன். ஏறத்தாழ 60 இலட்சம் தறையாணிகள் உறுப்புகளைப் பிணைக்கின்றன. எஃகில் 79 விழுக்காடு இங்கிலாந்திலிருந்தும் எஞ்சியது ஆஸ்திரேலியாவிலிருந்தும் பெறப்பட்டது. 1932 பிப்ரவரியில் 96 நீராவி எஞ்சின்களைத் தடங்களில் நெருக்கமாக நிறுத்திப் பாலத்தின் தாங்குதிறன் சோதிக்கப்பட்டது. மின்சார வண்டிகளுக்காகத் திட்டமிடப்பட்ட பாலத்தை அவற்றினும் எடை செறிந்த நீராவி எஞ்சின்களைக் கொண்டு சோதித்தமை, இருப்புப்பாதைச் சுமையே வடிவமைப்பின் அளவுகோலாக இருந்ததைக் காட்டுகிறது.

7. நான்கு தடங்களின் வரலாறு

திறக்கப்பட்டபோது 48.8 மீட்டர் அகலமுள்ள தளத்தின் நடுவே ஆறு சாலைத் தடங்களும், இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு இருப்புப்பாதைத் தடங்களும், ஓரங்களில் நடைபாதைகளும் இருந்தன. 1932இல் நாளொன்றுக்குச் சராசரியாக 11,000 ஊர்திகளே பாலத்தைக் கடந்தன. அன்றைய தேவையை மட்டும் கருதினால் இவ்வளவு பெரிய பாலம் தேவையற்றது. பிராட்ஃபீல்டு வருங்காலத்திற்குத் திட்டமிட்டார் என்பது பொதுவாகக் கூறப்படும் பாராட்டு. இப்பாராட்டை நான்கு தடங்களின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மேற்குப்புறத் தடங்கள் இரண்டும் திட்டமிட்டபடியே வடகரை இருப்புப்பாதையைச் சுமந்தன, இன்றும் சுமக்கின்றன. கிழக்குப்புறத் தடங்கள் வடகிழக்குப் புறநகர்களை நோக்கிச் செல்லும் மற்றொரு இருப்புப்பாதைக்காக ஒதுக்கப்பட்டவை. அப்பாதை அமைக்கப்படும் வரை இடைக்கால ஏற்பாடாக அவற்றில் டிராம்கள் இயக்கப்பட்டன. அப்பாதை அமைக்கப்படவே இல்லை. 1958இல் டிராம் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, அத்தடங்கள் இரண்டு சாலைத் தடங்களாக மாற்றப்பட்டன. நகரின் வின்யார்டு நிலத்தடி நிலையத்தில் டிராம்களுக்குரிய நடைமேடைகள் ஊர்தி நிறுத்துமிடமாயின. அந்நிலையத்தின் தொடர்வண்டி நடைமேடைகள் இன்றும் மூன்றாம் எண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

நகர இருப்புப்பாதையின் நிலையும் இதனை ஒத்தது. அதன் முதற்பகுதி 1926இல் திறக்கப்பட்டபோதும், சுழற்பாதை முழுமையடைந்தது 1956இல்தான். செயின்ட் ஜேம்ஸ் நிலையத்தில் வேறொரு பாதைக்காக அமைக்கப்பட்ட நடைமேடைகளும் சுரங்கங்களும் வழக்கமான தொடர்வண்டிப் போக்குவரத்திற்குப் பயன்படவே இல்லை.

இவற்றிலிருந்து ஒரு கருத்து பெறப்படுகிறது. கட்டுமானத்தில் வருங்காலத்திற்கென விடப்பட்ட இடம், அதற்குரிய அடுத்தகட்டப் பணிகள் தொடராவிடில், அன்றைய காலத்தின் வலிமையான தேவைக்கே சென்று சேரும். 1950களில் அத்தேவை தனியார் ஊர்திகளுடையதாக இருந்தது. சாலைத் தடங்கள் எட்டாகியும் நெரிசல் குறையாமையால் 1992இல் துறைமுகத்திற்கு அடியில் சாலைச் சுரங்கம் திறக்கப்பட்டது. 2024இல் சிட்னி மெட்ரோ இருப்புப்பாதை துறைமுகத்தைச் சுரங்கவழியே கடந்தது. பாலத்தின்மேல் கைவிடப்பட்ட இரண்டு தடங்களுக்கு ஈடாக, 66 ஆண்டுகள் கழித்து வேறு இரண்டு தடங்கள் நீருக்கு அடியில் அமைந்தன எனலாம்.

8. திட்டத்தின் சமூக விலை

பாலத்தின் செலவில் ஒரு பகுதியை, அதனால் நிலமதிப்பு உயரும் பகுதிகளின் நிலவரியிலிருந்து பெற 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழிவகுக்கப்பட்டது. பொதுப்பணியால் விளையும் நில ஆதாயத்தில் ஒரு பங்கு பொதுப்பணிக்கே திரும்ப வேண்டும் என்ற கொள்கை இதில் அமைந்துள்ளது. எஞ்சிய கடன் சுங்கக் கட்டணத்தால் அடைக்கப்பட்டு 1988இல்தான் தீர்ந்தது.

நில உடைமையாளர்களைக் கணக்கில் கொண்ட இத்திட்டம், நிலமற்றோரைக் கருதவில்லை. அணுகுபாதைகளுக்காக இரு கரைகளிலும் ஏறத்தாழ 800 வீடுகள் இடிக்கப்பட்டன. வீட்டு உரிமையாளர்கள் இழப்பீடு பெற்றனர். வாடகைக்குக் குடியிருந்தோர் எதனையும் பெறவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் துறைமுகத்தையும் பட்டறைகளையும் நம்பி வாழ்ந்த உழைக்கும் மக்கள்.

கட்டுமானப் பணியில் 16 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சூடேறிய தறையாணிகளை உயரத்தில் வீசிப் பிடித்து அடிக்கும் பணி இடர் மிக்கது. அதே வேளையில், 1929க்குப் பிந்தைய பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது பல குடும்பங்களுக்கு இப்பணியே வாழ்வாதாரமாக இருந்தது. ஒரே திட்டம் சிலருக்கு வீட்டை இழக்கச் செய்ததையும் வேறு சிலருக்கு வேலை அளித்ததையும் ஒருசேரக் காண்பதே நடுநிலையான மதிப்பீடாக அமையும்.

9. வடிவமைத்தவர் யார் என்னும் வினா

பாலம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, அதன் வடிவமைப்பாளர் பிராட்ஃபீல்டா ஃப்ரீமனா என்ற விவாதம் பொதுவெளியில் எழுந்தது. இவ்வினா இருவரின் புகழ் பற்றியது மட்டுமன்று. வடிவமைப்பு என்ற சொல்லின் பொருள் பற்றியது. ஓர் உறுப்பின் தடிமனையும் கீலின் விட்டத்தையும் முடிவு செய்வது வடிவமைப்பு என்றால் அது ஃப்ரீமனுடையது. பாலம் எங்கே, எவ்வளவு அகலத்தில், எத்தனை தடங்களோடு, எந்தக் கட்டமைப்பின் பகுதியாக அமைய வேண்டும் என்று முடிவு செய்வது வடிவமைப்பு என்றால் அது பிராட்ஃபீல்டுடையது. முதலாவது இல்லையெனில் பாலம் நிலைத்திராது; இரண்டாவது இல்லையெனில் அப்பாலத்திற்குத் தேவையே எழுந்திராது. வரலாற்று எழுத்தில் இவ்விரு பணிகளையும் தனித்தனிச் சொற்களால் குறிப்பிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

முடிவுரை

சிட்னி துறைமுகப் பாலத்தின் திட்ட வரலாற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. நூறாண்டு காலம் நிறைவேறாத பாலம், நகர இருப்புப்பாதையோடும் மின்மயமாக்கலோடும் இணைக்கப்பட்ட பின்னரே நிறைவேறியது.

2. வளைவு வடிவத்தின் தேர்வு அழகியல் முடிவன்று. இருப்புப்பாதை வேண்டிய விறைப்புத்தன்மை, கரையின் பாறை, எஃகுத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து அதனை முடிவு செய்தன.

3. முடிவுற்ற அமைப்பின் வலிமையைப் போலவே, முடிவுறாத அமைப்பின் வலிமையும் கணக்கிடப்பட வேண்டும் என்பதைக் கட்டுமான நிலைகள் உணர்த்துகின்றன.

4. எதிர்காலத்திற்கென விடப்படும் தடம், அதனைப் பயன்படுத்தும் தொடர்பணியும் உறுதி செய்யப்பட்டால்தான் நோக்கத்தை நிறைவேற்றும்.

5. நில ஆதாயத்தைக் கணக்கிட்ட திட்டம் குடியிருப்பு இழப்பைக் கணக்கிடத் தவறியமை, பெருந்திட்டங்களின் மதிப்பீட்டில் யாருடைய இழப்பு இழப்பாக எண்ணப்படுகிறது என்ற வினாவை எழுப்புகிறது.

ஒரே பாலத்தில் சாலையையும் இருப்புப்பாதையையும் அமைக்கத் திட்டமிடும் நகரங்கள், எஃகின் அளவையும் இடைத்தூரத்தையும் மட்டுமன்றி, தளத்தின் பரப்பு இரண்டிற்கும் இடையே எவ்வாறு பகிரப்படும், அப்பகிர்வை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதையும் தொடக்கத்திலேயே வரையறுத்தல் நலம் பயக்கும்.